லிங்கைத் தொட்டதும் "நிச்சயமா?" என்று கேட்க: கன்ஃபர்மா, டயலாகா, தனிப் பக்கமா?

முன்பதிவுப் பட்டியலில் ஒவ்வொரு பயணத்துக்கும் பக்கத்தில் "ரத்து" என்று ஒரு லிங்க். தொட்டதும் ஒரு பெட்டி வருகிறது: "இந்த டிக்கெட்டை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பட்டன். குரோமைத் தமிழில் வைத்திருப்பவருக்கு அவை "சரி", "ரத்துசெய்". டிக்கெட்டை ரத்து செய்ய வந்தவர் எதை அழுத்துவார்? "ரத்துசெய்" என்பதைத்தான். பெட்டி மூடும், டிக்கெட் அப்படியே இருக்கும், அவர் வேலை முடிந்தது என்று நினைத்துப் போய்விடுவார். ஆங்கிலத்தில் வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்: ஒரு பக்கம் ஓகே, மறுபக்கம் கேன்சல்.

அந்தப் பட்டன்களின் எழுத்தை மாற்ற முடியாது. இந்தப் பெட்டியைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்டின் கன்ஃபர்ம் ஃபங்ஷன் கேள்வியை மட்டும்தான் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும்; பட்டன் பிரவுசருடையது. ஆகவே கன்ஃபர்மை விடமுடியாத இடத்தில் கேள்வியையாவது மாற்ற வேண்டும். "பயணம் கைவிடப்படும், பணம் திரும்பும். தொடரலாமா?" என்று கேட்டால் "சரி"க்கு ஒரே பொருள்தான்.

லிங்கை ஒரு கேள்வியோடு நிறுத்துவதற்குக் குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. எது அழகு, எது சுலபம் என்று ஒப்பிடுவதைவிட இன்னொரு அளவுகோல் உதவும்: கேள்வி ஏதோ காரணத்தால் எழும்பாமலே போனால் லிங்க் என்ன செய்யும்? கேட்காமலே போய்விடுமா, போகாமல் நின்றுவிடுமா? செய்தித் தளத்துக்குப் போகும் லிங்க் கேட்காமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. டிக்கெட்டை ரத்து செய்யும் லிங்க் கேட்காமல் போனால் நஷ்டம் பணத்தில்.

ஒற்றை வரி கன்ஃபர்ம்

எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான். லிங்க் டேகுக்குள் ஆன்கிளிக் (தொட்டதும் ஓட வேண்டியது) என்று போட்டு, மேற்கோளுக்குள் "ரிட்டர்ன் கன்ஃபர்ம்", அடைப்புக்குறிக்குள் கேள்வி. பயனர் பதில் சொல்லும்வரை கன்ஃபர்ம் அடுத்த வரிக்கு ஓட்டத்தை விடாது. பக்கத்தின் டைமர்கள்கூட நின்றுவிடும். "சரி" என்றால் அது ட்ரூ தரும், லிங்க் வழக்கம்போல் போகும்; வேண்டாம் என்றால் ஃபால்ஸ் தரும், லிங்க் போகாது.

இந்த நிறுத்தி வைக்கும் குணத்தைப் பழமை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் லிங்கைப் பொறுத்தவரை இதுதான் அதன் பெரிய பலம். பதில் வரும்வரை கிளிக்கே முடியவில்லை. ஆகவே "சரி" என்றதும் பிரவுசர் தன் இயல்பான வேலையைச் செய்கிறது. புதிய டேபில் திறக்கச் சொல்லியிருந்தால் புதிய டேபில் திறக்கும். டவுன்லோட் என்றால் டவுன்லோட் ஆகும். கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்திருந்தால் அதையும் மதிக்கும். கன்ஃபர்ம் இல்லாமல் கேள்வி கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் வழிகளில் பெரும்பாலும் இவற்றை நாமே மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

கெடுவது எங்கே? முதலாவது, "ரிட்டர்ன்" என்ற சொல்லை விட்டுவிடுவது. அப்போது பெட்டி வரும், பயனர் வேண்டாம் என்பார், லிங்க் போயே தீரும். சோதிக்கிறவர் "சரி" மட்டும் அழுத்திப் பார்த்திருந்தால் இது தெரியவே தெரியாது. கேள்வியைத் தனி ஃபங்ஷனில் வைத்து ஆன்கிளிக்கில் அதை அழைக்கும்போது இது அடிக்கடி நடக்கும்: உள்ளே ரிட்டர்ன் இருக்கும், வெளியே இருக்காது. இரண்டு இடத்திலும் வேண்டும்.

இரண்டாவது, பெயரில் வரும் ஒற்றை மேற்கோள். "டி'சூசாவின் டிக்கெட்டை..." என்று பயணியின் பெயரைக் கேள்விக்குள் சர்வர் நுழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எச்.டி.எம்.எல். எஸ்கேப் (மேற்கோள் போன்ற குறிகளைப் பாதுகாப்பான குறியீடாக மாற்றுவது) செய்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பிரவுசர் முதலில் அந்த எஸ்கேப்பை அவிழ்த்து மேற்கோளாக்கி, அதன் பிறகே ஜாவாஸ்கிரிப்டிடம் தருகிறது. சரம் "டி" என்பதோடு முடிந்துவிடும், மீதி இலக்கணப் பிழை, கிளிக்கைக் கவனிக்கும் ஹேண்ட்லர் உருவாகவே உருவாகாது, லிங்க் கேட்காமல் போகும். மற்ற எல்லோருக்கும் ஒழுங்காக வேலை செய்து, பெயரில் மேற்கோள் உள்ளவருக்கு மட்டும் கேட்காமல் ரத்தாவது கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு. வேண்டுமென்றே ஒருவர் தன் பெயராக ஸ்கிரிப்டை எழுதி வைத்தால் அது ஓடவும் செய்யும்.

மூன்றாவது சி.எஸ்.பி. என்கிற உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை. பாதுகாப்புத் தணிக்கைக்குப் பிறகு யாரோ இந்த ஹெடரைச் சேர்ப்பார்கள். டேகுக்குள் எழுதிய ஸ்கிரிப்ட்டை அது மொத்தமாகத் தடுக்கும். கன்சோலில் ஒரு சிவப்பு வரி வரும்; திரையில் ஒன்றும் உடையாது, ஏனென்றால் லிங்குகள் எல்லாம் வேலை செய்கின்றன, முன்பைவிட வேகமாகவே. கேள்விதான் காணாமல் போயிருக்கும்.

மூன்று கோளாறும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆகவே இந்த வழி உள்ளே நாலு பேர் பயன்படுத்தும் நிர்வாகப் பக்கத்துக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வியை லிங்கிலும், வேலையை ஃபைலிலும் வைப்பது

அடுத்த படி: கேள்வியை லிங்கின் டேட்டா-கன்ஃபர்ம் பண்பில் எழுதி, ஸ்கிரிப்ட் ஃபைலில் டாக்குமென்ட் முழுவதற்கும் ஒரே கிளிக் ஹேண்ட்லர் வைப்பது. கிளிக் எங்கே விழுந்தது என்று பார்த்து, குளோசஸ்ட் மூலம் மேலே ஏறி அந்தப் பண்புள்ள லிங்கைத் தேட வேண்டும். இவென்ட் டார்கெட்டை மட்டும் சோதித்தால், லிங்குக்குள் இருக்கும் குப்பைத்தொட்டி ஐகானை அழுத்துபவர் தப்பிவிடுவார். அவருடைய டார்கெட் லிங்க் அல்ல, ஐகான். லிங்க் கிடைத்ததும் கன்ஃபர்ம் கேட்டு, ஃபால்ஸ் வந்தால், லிங்கின் இயல்புச் செயலைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட்டை அழைக்க வேண்டும். ஃபைலிலிருந்து ஹேண்ட்லரைக் கட்டும் ஆட்இவென்ட்லிஸனர் வழியில் "ரிட்டர்ன் ஃபால்ஸ்" எழுதினால் ஒன்றும் நடக்காது. ஜேகுவெரி லைப்ரரியில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அங்கே ரிட்டர்ன் ஃபால்ஸ் இயல்புச் செயலையும் தடுக்கும், மேலே பரவுவதையும் தடுக்கும்.

மேற்கோள் சிக்கலும் சி.எஸ்.பி. சிக்கலும் இதோடு தீர்ந்தன. பிறகு அஜாக்ஸில், அதாவது பக்கம் மாறாமல் பின்னணியில், வந்து சேரும் வரிசைகளுக்கும் தனியாக ஹேண்ட்லர் கட்ட வேண்டாம்.

ரியாக்ட் லைப்ரரி இருக்கும் பக்கத்தில் ஒரு நுணுக்கம். 2020 அக்டோபரில் வந்த ரியாக்ட் 17 முதல் அதன் இவென்ட்கள் டாக்குமென்ட்டில் அல்ல, செயலி பொருத்தப்பட்ட மூலக் கண்டெய்னரில் கட்டப்படுகின்றன. கிளிக் கீழிருந்து மேலே வரும்போது, செயலிக்குள் பக்கம் மாற்றும் ரியாக்ட் ரவுட்டரின் லிங்க் முதலில் வேலையை முடித்துவிடும்; டாக்குமென்ட்டில் காத்திருக்கும் நம் ஹேண்ட்லர் கேள்வி கேட்கும்போது பக்கம் மாறியிருக்கும். கிளிக் மேலிருந்து கீழே இறங்கும் கேப்ச்சர் நிலையில், அதாவது ஆட்இவென்ட்லிஸனரின் மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்துக் கட்டினால் நாம் முந்திக்கொள்ளலாம். பிரிவென்ட்டிஃபால்ட் ஆன கிளிக்கை ரியாக்ட் ரவுட்டர் தொடாது.

ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க் ஆட்களுக்குத் தனியாக ஒரு வரி: 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7, டர்போ என்ற லைப்ரரியை இயல்பாக்கியது. பழைய டேட்டா-கன்ஃபர்மை டர்போ கண்டுகொள்ளாது. டேட்டா-டர்போ-கன்ஃபர்ம் என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் மேம்படுத்தினால் கேள்வி சத்தமில்லாமல் போய்விடும்.

கேட்கவே படாத கிளிக்குகள்

மவுஸின் நடுச்சக்கரத்தை அழுத்தினால் கிளிக் இவென்ட் வராது, ஆக்ஸ்கிளிக் என்ற வேறொன்று வரும். வலது கிளிக் செய்து "புதிய டேபில் திற" என்றால் நம் ஹேண்ட்லருக்கு ஒன்றுமே தெரியாது. லிங்கை இழுத்து டேப் பட்டையில் போட்டாலும் அப்படித்தான். ஸ்கிரிப்ட் ஃபைல் மெதுவான இணைப்பில் வந்து சேருவதற்குள் தொட்டாலும் அப்படித்தான். என்டர் விசை மட்டும் ஒழுங்கானது; லிங்கில் ஃபோகஸ் இருக்கும்போது அழுத்தினால் கிளிக்காகவே வரும்.

இவற்றை ஒவ்வொன்றாக அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆக்ஸ்கிளிக்கைப் பிடிப்பார்கள், வலது கிளிக் மெனுவைத் தடுப்பார்கள், கடைசியில் ஹெச்ரெஃப்பையே எடுத்துவிட்டு வெறும் ஹாஷ் குறி வைப்பார்கள். இந்தத் திசையில் போகாதீர்கள். லிங்க் என்றால் எப்படியும் திறக்கலாம் என்றுதான் பொருள். கேட்காமல் திறக்கவே கூடாத ஒன்று லிங்காக இருப்பதுதான் தவறு.

பெட்டியே வராத இடங்கள்

கன்ஃபர்ம் வேலை செய்யாமல் போகும் சூழல்களும் உண்டு. பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பதிக்கும் ஐஃப்ரேமுக்கு சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுப்பாடு போட்டு, அலவ்-மோடல்ஸ் என்ற அனுமதி தரப்படவில்லை என்றால் பெட்டி வராது, ஃபால்ஸ் உடனே திரும்பும். வேறு தளத்திலிருந்து பதித்த ஐஃப்ரேமில் அலர்ட், கன்ஃபர்ம், பிராம்ப்ட் மூன்றையும் 2021 ஜூலையில் குரோம் 92 தடுத்தது. நிரலை ஐஃப்ரேமுக்குள் ஓட்டிக் காட்டும் கற்றல் தளங்கள் பல உடைந்து, எதிர்ப்பு கிளம்பி, தற்காலிகமாகத் தள்ளிவைத்தார்கள். இன்னொரு தளத்துக்குள் பதிக்கப்படும் விட்ஜெட் எழுதுபவர்கள் கன்ஃபர்மை நம்பி எதையும் கட்டக் கூடாது.

ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் பெட்டி காட்டினால் பிரவுசரே "இந்தப் பக்கம் மேலும் பெட்டிகளைக் காட்டாமல் தடு" என்று ஒரு டிக் பெட்டி தரும். பத்து வரிசைகளை வரிசையாக நீக்குபவர் எரிச்சலில் அதை டிக் செய்துவிடுவார். அதன் பிறகு ஒவ்வொரு கன்ஃபர்மும் ஃபால்ஸ். "நீக்கு லிங்க் வேலை செய்யவில்லை" என்று புகார் வரும். பக்கத்தை ரீலோட் செய்தால் சரியாகிவிடும் என்பதால் யாராலும் அதைத் திரும்பக் காட்டவும் முடியாது.

மொபைல் ஆப்புக்குள் பக்கத்தைக் காட்டும்போது இன்னொன்று. ஆண்ட்ராய்ட் வெப்வியூவில் வெப்குரோம்கிளையன்ட் பொருத்தாவிட்டால் பெட்டி வராது. ஐபோனின் டபிள்யூகே வெப்வியூவில் அதற்கான யுஐ டெலிகேட் மெதடை எழுதாவிட்டால் பயனர் வேண்டாம் என்றதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் லிங்க் செத்ததுபோல் கிடக்கும். தவறினால் நின்றுவிடுகிறது என்ற வகையில் இது ஆபத்தில்லாத கோளாறு. ஆனால் வெளித்தள லிங்குகளுக்கெல்லாம் கேள்வி வைத்திருந்தால் ஆப்பில் ஒரு லிங்க்கூடத் திறக்காது.

டயலாக் எலிமென்ட்

பட்டனில் "டிக்கெட்டை ரத்து செய்", "டிக்கெட் இருக்கட்டும்" என்று எழுத வேண்டுமென்றால் நம் சொந்தப் பெட்டி வேண்டும். இன்று அதற்கு லைப்ரரி தேவையில்லை. டயலாக் எலிமென்ட் குரோமில் 2014 முதல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டும் 2022 மார்ச்சில் சேர்ந்துகொண்டன. ஷோமோடல் என்று திறந்தால் பின்னால் உள்ள பக்கம் செயலற்றுப் போகும், எஸ்கேப் விசை மூடும், மூடியதும் ஃபோகஸ் பழைய லிங்குக்கே திரும்பும். ஐ.ஓ.எஸ். 12 உடன் நின்றுவிட்ட ஐபோன் 6 போன்றவற்றில் இது இல்லை. ஷோமோடல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கன்ஃபர்முக்குத் திரும்பினால் போதும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது: டயலாக் நிற்காது. ஷோமோடல் அழைத்ததும் அடுத்த வரி ஓடிவிடும். ஹேண்ட்லரை அசிங்க் ஆக்கி, "அவெய்ட் கேள்வி" என்று எழுதி, பதில் வேண்டாம் என்றால் பிரிவென்ட்டிஃபால்ட் என்று எழுதுபவர்கள் ஏராளம். படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் அவெய்ட்டைத் தொட்ட கணத்திலேயே ஹேண்ட்லர் பிரவுசரிடம் திரும்பிவிடுகிறது. யாரும் தடுக்கவில்லை என்று பார்த்து பிரவுசர் லிங்கைத் திறந்துவிடும். பெட்டி ஒரு நொடி மின்னி மறையும். ஆகவே பிரிவென்ட்டிஃபால்ட் முதல் வரியில், நிபந்தனையில்லாமல்.

தடுத்த பிறகு லிங்கை எப்படித் திறப்பது? லொக்கேஷன் ஹெச்ரெஃப்பில் முகவரியை வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் புதிய டேப், டவுன்லோட், நோரெஃபரர் எல்லாம் போய்விடும். விண்டோ ஓப்பன் அழைத்தால், பயனர் அழுத்திய சிறிது நேரத்துக்குள் நடந்தால்தான் பாப்அப் தடுப்பான் விடும். குரோமில் அது சுமார் 5 விநாடி. பட்டனை அழுத்தியதும் நேராக ஓப்பன் என்றால் பிழைக்கும். இடையில் சர்வரிடம் எதையாவது கேட்டுக் காத்திருந்தால் மெதுவான இணைப்பில் தடுக்கப்படும்.

இதற்கெல்லாம் எளிய வழி ஒன்று உண்டு, ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் "தொடர்க" பட்டனாக இருக்க வேண்டியதில்லை, அதுவே உண்மையான லிங்காக இருக்கட்டும். படிகள் இவை. பக்கத்தின் அடியில் ஒரே ஒரு டயலாக்; உள்ளே கேள்விக்கு ஒரு பத்தி, மெதட் டயலாக் என்று போட்ட ஃபாரத்தில் "வேண்டாம்" பட்டன், பக்கத்தில் ஒரு வெற்று லிங்க். கிளிக் வந்ததும் தடுத்து, மூல லிங்கின் ஹெச்ரெஃப், டார்கெட், ரெல், டவுன்லோட் நான்கையும் அந்த லிங்குக்கு நகலெடுக்க வேண்டும். மூலத்தில் இல்லாத பண்பை நீக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய லிங்கின் மிச்சம் ஒட்டியிருக்கும். கேள்வியை டெக்ஸ்ட்கன்டென்ட்டில் வைத்து, ஷோமோடல். பயனர் உள்ளே உள்ள லிங்கை எப்படித் திறக்க விரும்புகிறாரோ அப்படித் திறந்துகொள்வார், கன்ட்ரோல் கிளிக் உட்பட. பாப்அப் தடுப்பான் என்ற பேச்சே வராது. உள்ளே உள்ள லிங்கில் டேட்டா-கன்ஃபர்ம் பண்பு மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் அது தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும்.

லிங்குக்குப் பதில் ரிட்டர்ன்வேல்யூவை நம்பி எழுதுபவர்களுக்கு ஒரு பொறி. பட்டனின் வேல்யூ டயலாக்கின் ரிட்டர்ன்வேல்யூவில் வந்து உட்காரும். எஸ்கேப் அழுத்தினால் அது மாறாது, பழையதே இருக்கும். முதல் வரிசைக்கு "ஆம்" என்றவர், இரண்டாவது வரிசையில் பயந்து எஸ்கேப் அழுத்தினால், குளோஸ் இவென்ட்டில் நாம் படிப்பது முதல் "ஆம்". இரண்டாவதும் நீங்கும். ஒவ்வொரு முறையும் ஷோமோடலுக்கு முன் ரிட்டர்ன்வேல்யூவை வெற்றுச் சரமாக்குங்கள்.

ஆட்டோஃபோகஸை "வேண்டாம்" பட்டனில் வையுங்கள். கன்ஃபர்மில் என்டர் அழுத்தினால் "சரி" ஆகிவிடும், இங்கே அதை மாற்றும் வாய்ப்பு நம் கையில். லிங்கை இரட்டைக் கிளிக் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. முதல் கிளிக்கில் பெட்டி திறந்து, இரண்டாவது கிளிக் பெட்டியின் மேல் விழும். அங்கே "தொடர்க" இருந்தால் போச்சு. திறந்த முதல் அரை விநாடிக்கு அதை அழுத்தமுடியாமல் வைப்பது போதுமான காப்பு.

தனிப் பக்கம், அல்லது லிங்காகவே இல்லாமல் இருப்பது

2005 மே மாதம் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பயனர் அடுத்துத் தொடக்கூடிய லிங்குகளைப் பின்னணியில் முன்கூட்டியே எடுத்து வைப்பது அதன் வேலை. "நீக்கு" லிங்குகளையும் எடுத்தது. லாகின் குக்கியோடு எடுத்தது. ஆன்கிளிக்கில் இருந்த கன்ஃபர்மை அது ஓட்டவே இல்லை. வலைச் செயலிகளில் பயனர்களின் தரவு தானாக அழிந்தது. தவறு அந்த மென்பொருளுடையது மட்டும் அல்ல; கெட் கோரிக்கை, அதாவது ஒரு பக்கத்தை எடுத்துத் தரக் கேட்கும் கோரிக்கை, எதையும் மாற்றக் கூடாது என்பது எச்.டி.டி.பி. தரநிலையில் அப்போதே இருந்தது, இன்றைய ஆர்.எஃப்.சி. 9110இலும் இருக்கிறது. அந்த மென்பொருள் இன்று இல்லை. ஆனால் மின்னஞ்சலில் வரும் லிங்குகளைத் திறந்து பார்க்கும் பாதுகாப்பு ஸ்கேனர்கள் இருக்கின்றன. மின்னஞ்சலில் டோக்கனோடு "ரத்து செய்ய இங்கே தொடவும்" என்று அனுப்பி, கெட்டிலேயே ரத்து செய்தால், பயணி மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே டிக்கெட் போயிருக்கும்.

வேறு தளத்தில் யாரோ வைக்கும் லிங்கும் இதே கதை. 2020 பிப்ரவரியில் குரோம் 80 குக்கிகளை இயல்பாக சேம்சைட் லாக்ஸ் ஆக்கியது, அதாவது வேறு தளத்திலிருந்து எழும் பெரும்பாலான கோரிக்கைகளோடு அவை போகா. அது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் விட்டுவிடும் விஷயம்: முழுப் பக்கத்தையே மாற்றும் கெட் கோரிக்கையோடு லாக்ஸ் குக்கி போகும். உங்கள் ரத்து முகவரியை ஒருவர் வாட்ஸாப்பில் லிங்காக அனுப்பி, லாகின் ஆகியிருக்கும் பயணி தொட்டால் போதும். உங்கள் பக்கத்தில் இருக்கும் கேள்விக்கு அதில் வேலையே இல்லை.

ஆகவே எதையாவது மாற்றும் செயலுக்கு என் தேர்வு ஒன்றே: லிங்க் கேட்கும் பக்கத்துக்குப் போகட்டும், அந்தப் பக்கத்தில் போஸ்ட் ஃபாரம், அதாவது மாற்றத்தைச் செய்யச் சொல்லி அனுப்பும் ஃபாரம், இருக்கட்டும். ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கின் டெலீட்வியூ இப்படித்தான் அமைந்திருக்கிறது, கெட் வந்தால் "நிச்சயமா?" பக்கம், போஸ்ட் வந்தால் நீக்கம். நடுச்சக்கரம், வலது கிளிக், வராத ஸ்கிரிப்ட், சி.எஸ்.பி. எதுவும் இதைத் தாண்டிப் போக முடியாது. பெட்டிக்குள் அடங்காததையும் இங்கே சொல்லலாம். கட்டணம் 640 ரூபாய், பிடித்தம் 96 ரூபாய், திரும்புவது 544 ரூபாய், எந்தக் கணக்குக்கு வரும் என்று வரிவரியாக. பயணிக்கு உண்மையில் தேவை அந்தக் கணக்குதான்.

கூடுதலாக ஒரு பக்கம் ஏறுவது எரிச்சல் என்றால், அதன் மேல் ஸ்கிரிப்டைப் பூசலாம்: கிளிக்கைப் பிடித்து, அதே போஸ்ட் ஃபாரத்தை டயலாக்கில் காட்டுவது. ஸ்கிரிப்ட் பழுதானால் தனிப் பக்கம் இருக்கவே இருக்கிறது. வேறு தளத்திலிருந்து போலியாக அனுப்புவதைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கன் ஃபாரத்தில் இருக்க வேண்டும். முடிந்ததும் 303 என்ற திசைதிருப்பும் பதிலைக் கொடுத்துப் பட்டியலுக்குத் திருப்பினால் ரீலோடில் மறுபடி அனுப்பாது. ஏற்கெனவே உள்ள ஃபாரத்தின் சப்மிட்டைத் தடுத்துக் கேட்டுவிட்டு மீண்டும் அனுப்பும் முறை என்றால், ஃபாரத்தின் சப்மிட் மெதடை அழைக்காதீர்கள். அது சரிபார்ப்பைத் தாண்டும், அழுத்திய பட்டனின் பெயரும் மதிப்பும் போகாது. ரிக்வெஸ்ட்சப்மிட்டுக்கு அந்தப் பட்டனைக் கொடுத்து அழையுங்கள். அது சப்மிட் இவென்ட்டை மறுபடி எழுப்பும், ஆகவே கேட்டாயிற்று என்று ஒரு கொடி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளித்தள லிங்குகள்

இந்திய அரசுத் தளங்கள் பலவற்றில் வேறு தளத்துக்கான லிங்கைத் தொட்டால், வெளியே போகிறீர்கள் என்ற கேள்வி வருவதைப் பார்த்திருப்பீர்கள். வங்கித் தளங்களிலும் உண்டு. விதி கேட்டால் வைத்துத்தான் ஆக வேண்டும். விதி இல்லாத இடத்தில் வேண்டாம். பத்து முறை கேட்டால் பதினோராவது முறை யாரும் படிப்பதில்லை, அந்தப் பழக்கம் "ரத்து" கேள்விக்கும் தொற்றும். லிங்கின் அருகே ஒரு சிறு அம்புக்குறி போதும்.

வைப்பது என்று முடிவானால் ஒற்றை கன்ஃபர்மோ, லிங்க் உள்ள டயலாக்கோ போதும், தவறினாலும் நஷ்டமில்லை. எது வெளித்தளம் என்று கண்டுபிடிப்பதில்தான் பிழை வரும். லிங்கின் ஹோஸ்ட்நேம் நம்முடையதோடு பொருந்தாவிட்டால் வெளி என்று எழுதினால், மெயில்டூ (மின்னஞ்சல்), டெல் (தொலைபேசி) லிங்குகளும் மாட்டும். அவற்றின் ஹோஸ்ட்நேம் வெற்றுச் சரம். புரோட்டகால் எச்.டி.டி.பி. அல்லது எச்.டி.டி.பி.எஸ். தானா என்று முதலில் பாருங்கள். துணைத்தளங்களை விலக்க, முடிவு பொருந்துகிறதா என்று சோதிக்கும்போது முன்னால் புள்ளியைச் சேருங்கள்; இல்லாவிட்டால் உங்கள் பெயரில் முடியும் இன்னொரு டொமைனும் உள்வீட்டுப் பிள்ளையாகிவிடும். ".இந்தியா" என்று முடியும் தமிழ் டொமைன்களை ஹோஸ்ட்நேம் தமிழில் தராது, எக்ஸ்.என். என்று தொடங்கும் லத்தீன் வடிவில் தரும். அனுமதிப் பட்டியலிலும் அந்த வடிவத்தையே வையுங்கள்.

எல்லா வெளி லிங்குகளையும் சர்வர் வழியே ஓர் இடைப் பக்கத்துக்கு அனுப்பும் முறையும் உண்டு. முகவரியை அப்படியே பாராமீட்டராக வாங்கித் திருப்பிவிட்டால், உங்கள் டொமைன் பெயரைக் காட்டி ஏமாற்ற மோசடிக்காரருக்கு இலவச வாசல். பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும், அல்லது கையொப்பமிட்ட முகவரிக்கு மட்டும்.

எழுதிக்கொண்டிருப்பதை விட்டுப் போகும்போது

பாதி நிரப்பிய ஃபாரத்தைவிட்டு லிங்கைத் தொட்டால் கேட்பதற்கு லிங்குகளைப் பிடிக்க வேண்டியதில்லை. டேபை மூடினாலும் பின் பட்டனை அழுத்தினாலும் கேட்க வேண்டும் அல்லவா? பிஃபோர்அன்லோட் இவென்ட் அதற்குத்தான். நம் வாசகத்தைப் பிரவுசர்கள் இப்போது காட்டுவதில்லை, குரோம் 2016இல் வந்த 51ஆம் பதிப்போடு நிறுத்தியது. பக்கத்தில் பயனர் எதையும் தொடாமலிருந்தால் குரோம் கேட்கவே கேட்காது. ஐபோன் சஃபாரியில் இதை நம்ப முடியாது, ஆகவே வரைவை அவ்வப்போது லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்து வைப்பதுதான் கைகொடுக்கும். மாற்றம் ஏற்பட்ட பிறகு மட்டும் லிஸனரைச் சேர்த்து, சேமித்ததும் எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் டேட்டா-கன்ஃபர்ம் லிங்கும் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கேள்வி வரும். ஒற்றைப் பக்கச் செயலியில் உள்ளே நகரும்போது இந்த இவென்ட் எழாது. ரவுட்டரின் சொந்தத் தடுப்பு வேண்டும், ரியாக்ட் ரவுட்டரில் யூஸ்பிளாக்கர்.

கேட்காமலே இருப்பது, தட்டச்சு செய்யச் சொல்வது

திரும்பப் பெறக்கூடியதைக் கேட்காமல் செய்துவிட்டு "மீட்க" என்று ஒரு பட்டனைக் காட்டுவது பல இடங்களில் மேல். ஜிமெயில் அனுப்பியதைத் திரும்பப் பெற 5, 10, 20 அல்லது 30 விநாடி தருகிறது. வேர்ட்பிரஸ் 2009 டிசம்பரில் வந்த 2.9 முதல் பதிவுகளைக் குப்பையில் 30 நாள் வைத்திருக்கிறது. செய்யும்போது காத்திருப்பைப் பிரவுசர் டைமரில் வைக்காதீர்கள். டேபை மூடினால் நீக்கமே நடக்காது. சர்வரில் நீக்கிய நேரத்தைக் குறித்து, பிறகு சுத்தம் செய்யுங்கள். மின்னஞ்சல் போல ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாடு உள்ள டேட்டாபேஸ் நெடுவரிசையில், நீக்கியதாகக் குறித்த வரி இடத்தைப் பிடித்துக்கொண்டு புதிய பதிவை மறுக்கும். நீக்கப்படாத வரிகளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை வைக்க வேண்டும். டிக்கெட்டுக்கு இந்த வழி ஒத்துவராது, இருக்கையை உடனே வேறொருவர் வாங்கிவிடுவார்.

எதிர்முனையில், கிட்ஹப் ஒரு ரெப்போவை (நிரல் சேமிப்பிடத்தை) நீக்க அதன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெரிய நீக்கத்துக்கு இது பொருத்தம். பெயர் தமிழில் இருந்தால் ஒரு வேலை கூடும். "கோயில்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, சமமா என்று கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை என்னும். இரு பக்கத்தையும் நார்மலைஸ் செய்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவில் ஒப்பிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் "ள" எழுத்தைத் தட்டியவரை அதுவும் காப்பாற்றாது.

இருக்கும் தளத்தை மாற்றும் வரிசை

முதலில் சர்வர். நீக்கும், ரத்து செய்யும் பாதைகள் எவை கெட்டில் வேலை செய்கின்றன என்று லாகில் தேடி, போஸ்ட்டுக்கு மாற்றுங்கள். இதற்குப் பிறகு முன்பக்கத்தில் எது பழுதானாலும் எரிச்சல்தான் மிஞ்சும், இழப்பு வராது. அடுத்து நிரலில் கன்ஃபர்ம் என்று தேடி, முன்னால் ரிட்டர்ன் இல்லாத ஆன்கிளிக்குகளைப் பொறுக்குங்கள். பிறகு டேட்டா-கன்ஃபர்முக்கு மாற்றி, சி.எஸ்.பி.யை முதலில் அறிக்கை மட்டும் அனுப்பும் நிலையில் ஓட்டிப் பார்த்தால் விட்டுப்போனவை தெரிந்துவிடும்.

சோதிக்கும்போது "சரி"யைவிட "வேண்டாம்" முக்கியம். எஸ்கேப், நடுச்சக்கரம், ஐகானின் மேல் கிளிக், இரட்டைக் கிளிக், ஸ்கிரிப்ட் முடக்கிய பிரவுசர், ஆப்புக்குள் வெப்வியூ என்று ஒரு சுற்று. பழைய மின்னஞ்சல்களிலும் புக்மார்க்குகளிலும் இருக்கும் ரத்து முகவரிகள் இன்னும் சில மாதம் கெட்டாக வந்துகொண்டிருக்கும்; அவற்றுக்கு 405 (இந்த வகைக் கோரிக்கைக்கு அனுமதியில்லை) பிழையைக் காட்ட வேண்டாம், கேட்கும் பக்கத்தையே காட்டுங்கள்.